ஃபேக்டரி சாமான்

எங்க ஊட்டுக்காரரைத் திருடன்னு சொன்ன வாயை நான் இன்னும் மறக்கலீங்க. மறக்கவும் மாட்டேன். போனது போகட்டும் தெய்வம்மான்னு எனக்குப் புத்தி சொல்ல வர்றவங்க, அவங்கவங்க ஊட்டு ஆம்பளையை ஊரே அப்பிடிப் பேசுனா எப்பிடி இருக்கும்னு ஒரு தடவை நெனச்சுப் பாத்துட்டு வரட்டும்.

அவரு பேரு ராஜரத்தினம். ஊட்டிக்கிட்ட சோலூர்ப் பக்கம் ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரியில ஃபிட்டரு. சிலோன் எஸ்டேட்டுல பொறந்து, சின்ன வயசுல கப்பலேறி வந்து, இந்த மலையில வளந்தவரு. நானும் அப்பிடி வந்த குடும்பந்தான். ஆனா எனக்கு இந்த ஊரு வாய் ஒட்டிக்கிச்சு, அவருக்கு ஒட்டல. சக்கரத்தை இன்னைக்கும் சில்லுன்னுதான் சொல்லுவாரு. கோயமுத்தூர்ல ஒரு கடையில போய் "முன் சில்லு சரியில்லீங்க"ன்னு நின்னா, கடைக்காரன் எந்தக் கண்ணாடி ஒடஞ்சுதுன்னு கேட்டானாம். நாலு பேரு சிரிச்சிருக்காங்க. அதனாலயே வெளியில அதிகம் வாயைத் தொறக்க மாட்டாரு. தொறந்த ஒரு தடவையும் வெனையாப் போச்சு, அதைத்தான் சொல்ல வர்றேன்.

ரெண்டாயிரம் பொறந்த சமயம். தேயிலை வெலை படுத்துக்கிச்சு. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டலைன்னு தோட்டத்தை அப்பிடி அப்பிடியே உட்டுட்டாங்க, செடியெல்லாம் ஆளு உயரம் வளந்து நின்னுச்சு. நாங்க குடியிருக்கிற லைன் ஊடுங்கள்லயே பாதிக்குப் பூட்டு. எல்லாம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. ஃபேக்டரி வாரத்துல ஒரு நாளு ரெண்டு நாளு ஓடுனாப் பெரிசு. நான் கேரட் கழுவுற எடத்துக்குக் கூலிக்குப் போனேன். பச்சைத் தண்ணியில நின்னு நின்னு பாதம் வெறச்சுப் போயி ஊட்டுக்கு வந்தா, இவரு நல்லா ஓடிட்டிருந்த மிக்சியைப் பிரிச்சுப் பரப்பி வெச்சிருப்பாரு. சும்மா உக்காரத் தெரியாத மனுசன். அரைக்கிறதுக்கு நான் என்ன பண்றதுன்னு ஒரு யோசனை வேண்டாம்?

அப்ப ஊட்டி காந்தல்ல ஒரு ஊட்டுல தண்ணி மோட்டாரு ரிப்பேருன்னு கூப்பிட்டாங்கன்னு போனாரு. அங்க கொல்லையில ஒரு மாருதி எண்ணூறு கெடந்திருக்கு. மொத மொதல்ல வந்துச்சே, அந்த மாடலு. கோழிக்கூண்டா ஆக்கி வெச்சிருந்தாங்களாம். பின்சீட்டுல ஒரு கோழி அடை உக்காந்திருக்குது. இவரு மோட்டாரைச் சரி பண்ணிக் குடுத்துட்டு, கூலி வேண்டாம், இதைக் குடுத்துருங்கன்னு கேட்டிருக்காரு. எடம் காலியானாப் போதும்னு அவங்களும் சரின்னுட்டாங்க. கேரட் லாரிக்குப் பின்னாடி கயித்தைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து எங்க வாசல்ல நிறுத்துறாரு. ஒரே கோழிப்பீ நாத்தம்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? ஊரே வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டுக் கெடக்குது. இப்பப் போயிக் காரா?"

"சும்மா ஒரு ஆசைக்குத்தான் தெய்வம்."

"வாடகைக்கு ஓட்டப் போறீங்களா?"

"இல்ல. சரி பண்ணி ஓடுதான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

அன்னிக்கு நான் சோத்துப் பானையை எறக்கி வெச்ச சத்தம் கீழ் லைனு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தக் காரு வந்ததுக்கப்புறம் மனுசன் மொகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு. மலை ஈரத்துல தரைத் தகரமெல்லாம் அரிச்சு, உள்ள உக்காந்தா கீழ புல்லு தெரியும். அதையெல்லாம் வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வெச்சு ஒட்டுனாரு. எஞ்சினை எறக்கி, மண்ணெண்ணெயில முக்கி, ஒவ்வொண்ணாத் தொடச்சு சாக்கு மேல வரிசையா வெப்பாரு. மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. பழசை அப்பிடியே திருப்பி வெக்கிறதோட நிக்கல. பனி நாள்ல காலையில டப்புனு ஸ்டார்ட் ஆகோணும்னு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாரு. எறக்கத்துல நிக்கோணுமேன்னு புது மாடல்ல வர்ற டிஸ்க் பிரேக்கை முன்னாடி ரெண்டு பக்கமும் மாட்டுனாரு. அதுக்காகக் கோயமுத்தூருக்குப் பஸ்சேறிப் போயி, கடை கடையா அலஞ்சு, டூப்ளிகேட் சாமான் ஒண்ணுகூட வேண்டாம்னு நல்லதாப் பாத்து வாங்கிட்டு வருவாரு. பீடியை உட்டாரு. டீக்கடை பன்னை உட்டாரு. நானும் கடைசியில சீட்டு உறை தெச்சுக் குடுத்தேன், மறைப்பானேன்.

ஊரு சும்மா இருக்குமா? "என்ன ரத்தினம், ஃபேக்டரி படுத்துருச்சு, நீ மொதலாளி ஆயிட்டியா?"ம்பான் ஒருத்தன். "சாப்பாட்டுக்கு வழியக் காணோம், காரு கேக்குது"ம்பா ஒருத்தி. எனக்கு எரியும். ஊட்டியில பங்களாக்காரரு ஒருத்தரு பழைய காரை வெச்சுத் தொடச்சுக்கிட்டே இருப்பாரு. அவரு பண்ணுனா அது ஹாபியாம். நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. எம் புருசன் அவரு கையால, அவரு வேர்வையில அதையே பண்ணுனாத் திமிராம், கிறுக்காம். ஏன், லைன்ல இருக்கிறவனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? அதுக்கும் துரைகிட்டக் கேட்டுட்டுத்தான் ஆசைப்படோணுமா?

காரு ஓடுன அன்னிக்கு என்னைய முன்சீட்டுல உக்கார வெச்சு சோலூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு. வரும்போது ஃபேக்டரி கேட்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற தனசிங் டீக்கடையில நிறுத்துனோம். கூட்டம் கூடிருச்சு. சிரிச்சவனெல்லாம் பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறான். தனசிங்கு கேட்டாரு, "ஏனுங்க ரத்தினம், இவ்வளவு சாமானுக்கு எங்க போனீங்க? எல்லாம் பழைய இரும்புக் கடையா?"

இவருக்கு அன்னிக்கு வாய் தொறந்துருச்சு. பெருமை. நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னாரு: "பழைய இரும்பா? ஒரு நட்டுகூட வெளிச் சாமான் கெடையாது. எல்லாம் ஃபேக்டரி சாமான்."

அய்யோ சாமி! அந்தக் கோயமுத்தூர்க் கடைக்காரன் சொல்லிக் குடுத்த பேச்சுங்க அது. காரு செய்யிற ஃபேக்டரியிலிருந்தே வர்ற அசல் சாமான்னு அர்த்தம். நம்ம ஊருல அதைக் கம்பெனி சாமான்னு சொல்லுவாங்க. இந்த மலையில ஃபேக்டரின்னா ஒண்ணே ஒண்ணுதான், தேயிலை ஃபேக்டரி. அந்தச் சமயம் பாத்து எங்க ஃபேக்டரியில ஒரு ஃபேன் மோட்டாரும், ஒரு சுத்துச் செம்புக் கேபிளும், பேரிங் கொஞ்சமும் காணாமப் போயிருந்துச்சு. பானெட்டைத் தொட்டுக்கிட்டிருந்தவன் கையை எடுத்துக்கிட்டான். நான்கூட அப்ப ஒண்ணும் புரிஞ்சுக்கல. இவரு சிரிச்சுக்கிட்டே டீயைக் குடிச்சாரு.

மறுநாளு காரோட வரச் சொல்லி மேனேஜர் ஆளு அனுப்புனாரு. காரைப் பாக்க ஆசைப்படறாருன்னு நெனச்சுத் தொடச்சு எடுத்துட்டுப் போனாரு எங்க வெகுளி. நானும் கூடப் போனேன். ஃபேக்டரி முத்தத்துல மொத்த ஆளும் நிக்குது. மேனேஜர் நேரா விசயத்துக்கு வந்தாரு.

"ரத்தினம், நீயே ஊரறியச் சொல்லிருக்க. நம்ம சாமான் எதெதுன்னு கழட்டிக் கீழ வெச்சிரு. போலீசுக்குப் போக வேண்டாம். வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிரு, அதோட முடிச்சுக்கலாம்."

அவருக்கு ஒண்ணும் ஓடல. அப்பறம் மெதுவாப் புரிஞ்சுச்சு. "சார், ஃபேக்டரின்னா காரு செய்யிற ஃபேக்டரிங்க சார்"ன்னாரு.

"கதை உடாத"ன்னுட்டாரு மேனேஜர். சூப்பர்வைசரு களுக்குன்னு சிரிச்சாரு.

ஆளைக் கொறைக்க வழி தேடிக்கிட்டிருந்தாங்க, அது எல்லாருக்கும் தெரியும். வேலை போறதுகூடப் பரவாயில்லீங்க, அப்ப எத்தனையோ பேருக்குப் போச்சு. திருட்டுப் பட்டத்தோட போனா இந்த மலையில எந்த ஃபேக்டரிக்காரன் கேட்டைத் தொறப்பான்? மெஷினைத் தவிர வேற ஒண்ணும் தெரியாத ஆளு. எம் மக வனிதா அப்பத்தான் ஊட்டியில காலேஜுல சேந்திருந்தா. திருடன் பொண்ணுன்னு அவளைச் சொல்ல மாட்டாங்களா? வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அதையெல்லாம் இங்க சொல்ல முடியாது.

இவரு நேரா காருக்குப் பின்னாடி போனாரு. டிக்கியைத் தொறந்து ஸ்பேனர் பையை எடுத்தாரு.

கழட்டுனாரு. நாலு சில்லு, கதவு, சீட்டு, பேட்டரி, ரேடியேட்டரு, அந்த டிஸ்க் பிரேக்கு. மேனேஜர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காட்டி, "இது மோட்டாருதானே?"ன்னு கேட்டாரு. காணாமப் போன ஃபேன் மோட்டாரு பரங்கிக்காய் அளவு இருக்கும், இது உருளைக்கெழங்கு அளவு. கேட்டவருக்கே கூச்சமாப் போச்சு. "சரி சரி, போதும்ப்பா"ன்னாரு. இவரு நிறுத்தல. "இன்னும் இருக்குங்க, பாத்துக்கோங்க"ன்னு அடுத்ததைக் கழட்டுனாரு. எஞ்சினை எறக்குறதுக்கு ஃபேக்டரி ஆளுங்களே வந்து கை குடுத்தாங்க, அவங்க கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. ரெண்டு வருசம் பொழுது பொழுதாச் சேத்த காரு, மதியச் சங்கு ஊதறதுக்குள்ள வெறும் கூடா நின்னுச்சு. அதைப் பாக்கப் பாக்க எனக்கு யாரையாச்சும் பிறாண்டோணும் போல இருந்துச்சு.

ஸ்டோர்க்காரரு ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாத்தாரு. காணாமப் போனது ஒண்ணும் இதுல இல்லைங்கன்னாரு.

மேனேஜர் தொண்டையைக் கனைச்சாரு. "சரி ரத்தினம். பேச்சுல வந்த தப்பு. மாட்டி எடுத்துட்டுப் போ. திங்கக்கெழமை வேலைக்கு வந்துரு."

பேச்சுல வந்த தப்பாம்! யாரு பேச்சுல?

இவரு கையைத் தொடச்சுக்கிட்டு நிமுந்தாரு. "இந்த முத்தத்துல ஒரு நட்டுகூட முறுக்க மாட்டேங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி மாட்டிக்கிறேன்." கொரலு ஒடஞ்சுதான் வந்துச்சு. ஆனா சொன்னாரு.

எப்பிடி எடுத்துட்டுப் போறதுன்னு நான் கேக்கறதுக்குள்ள, என்கூட முந்திக் கொழுந்து பறிச்ச பேச்சியம்மா முந்தானையைச் சுருட்டித் தலையில சும்மாடு வெச்சா. ஒரு கதவைத் தூக்கித் தலையில ஏத்திக்கிட்டா. "எத்தனை கொழுந்து மூட்டை சொமந்திருக்கேன், இது என்னடி"ன்னா. அவ பின்னாடி இன்னும் பத்துப் பொம்பளைங்க வந்துட்டாங்க. ஆளுக்கொரு சில்லு, சீட்டு, பேட்டரி. ஆம்பளைங்க எஞ்சினைக் கம்புல கட்டித் தோள்ல வெச்சாங்க. வெறும் கூட்டைப் பல்லக்கு தூக்கற மாதிரி பத்துப் பன்னெண்டு பேரு தூக்கிட்டாங்க.

கேட்டுல வாச்மேன் ஜஸ்டஸ் அண்ணன் கையை நீட்டி மறிச்சாரு. நல்ல மனுசன்தான். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னாரு, "தெய்வம்மா, ரூல் தெரியுமில்ல. உள்ளிருந்து வெளிய போற சாமானு யாரோடதுன்னு மேனேஜர் சொன்னாத்தான் உடோணும்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆங்காரம். கத்தலாம்னு வாயைத் தொறந்தேன். தொறந்தவ நிறுத்திக்கிட்டேன்.

"நல்லதாப் போச்சுண்ணா. கூப்புடுங்க அவரை. வந்து சொல்லட்டும்."

மேனேஜர் முத்தத்துலயே நின்னு கையை ஆட்டுனாரு. "எல்லாம் அவனோடதுதான்யா, உட்டுரு."

"அங்கிருந்து சொன்னா எனக்குக் கேக்காதுங்க. இங்க வாங்க. அவன்னா எவன்? பேரில்லையா? கழட்டும்போது ஒவ்வொண்ணாத்தானே பாத்தீங்க, இப்ப ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

ரோட்டுல டீக்கடைக் கூட்டம் மொத்தமும் எந்திரிச்சு நிக்குது, தனசிங்கு கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு. உள்ள ஃபேக்டரி ஆளு. நடுவுல கேட்டு. நான் நவுரல, எனக்குப் பின்னாடி நிக்கறவங்களும் நவுரல. அவரு வந்துதான் ஆகோணும். வந்தாரு.

பேச்சியம்மா தலையில இருந்த கதவைக் காட்டுனேன். "இது யாரோடதுங்க?"

"ராஜரத்தினத்தோடது."

"சத்தமாங்க. காலையில பழி சொன்னப்ப ஊருக்கே கேட்டுச்சில்ல, இதுவும் கேக்கட்டும்."

"ராஜரத்தினத்தோடது!"

கதவு போச்சு. சீட்டு. சில்லு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாச் சொல்ல வெச்சேன். ரேடியேட்டரு. எஞ்சின். பாதியில அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னாரு. கூட்டைத் தூக்கிட்டுப் போறப்ப எங்க ஊட்டுக்காரரு ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சே போனவரு, பேரைக் கேட்டு ஒரு தடவை நிமுந்து பாத்தாரு.

கடைசியில நான் நின்னேன். என் தூக்குச் சட்டியில நட்டு, போல்ட்டு, வாசரெல்லாம் அள்ளிப் போட்டு வெச்சிருந்தேன். மூடியைத் தொறந்து மேனேஜர் மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்? அட போம்மா"ன்னாரு, குசுகுசுன்னு.

"ஒரு நட்டுகூட நாங்க சும்மா எடுத்துட்டுப் போக மாட்டோமுங்க. யாரோடது?"

அவரு சட்டிக்குள்ள பாத்தாரு. "ராஜரத்தினத்தோடது"ன்னாரு.

மூடியைப் போட்டுக்கிட்டுக் கேட்டைத் தாண்டுனேன்.