விருந்தாளிக்கு ஒரு துடைப்பம்

எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் லிஃப்டம்மாவின் பயண வரலாற்றை உலகம் இதுவரை எழுதாமல் விட்டது உலகத்தின் குற்றம். ஆண்டு முழுக்க மேலும் கீழுமாகவே போய்வருகிற பெண்மணி, வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பிலாவது பக்கவாட்டில் போக ஆசைப்பட்டார். அதுவும் எந்த ஊர்களுக்கு? பேருந்துப் பலகையில் பெயர் பாதி அழிந்துபோன ஊர்களுக்கு. நடத்துநரே "அங்கே எதுக்கும்மா?" என்று கேட்டால்தான் அவருக்கு டிக்கெட் வாங்க மனசு வரும்.

இது அவருடைய அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் ஒரு சுற்றுலாக் குழுவின் நிரந்தரத் தலைவர். ஏசி பஸ், சொந்தச் சமையல்காரர், சொந்தத் தலையணை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் தங்கள்மேல் ஒட்டிவிடாமல் பத்திரமாகத் திரும்பி வருவார்கள்.

போன வருஷம் லிஃப்டம்மா மலைமேல் ஒரு குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார். தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரி உட்காரச் சொல்லவில்லை. நேராகக் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள். லிஃப்டம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, விருந்தாளியாக லட்சணமாக உட்கார்ந்தார். வீட்டார் முகமெல்லாம் சுண்டிப்போயிற்று.

மலைப் பாஷையும் தமிழும் அரைகுறையாகத் தெரிந்த ஓர் ஆட்டுக்காரர்தான் விளக்கினார். அங்கே உபசாரமெல்லாம் அந்நியருக்கு. நம்மவர் என்று நினைத்தால் வேலை கொடுப்பார்கள். மறுநாள் காலையில் லிஃப்டம்மா தானே துடைப்பத்தை எடுத்தார். வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்து, கைக்குழந்தையையும் அவர் இடுப்பில் ஏற்றினாள். உடனடிப் பதவி உயர்வு!

திரும்பி வந்ததும் இந்த மரியாதையைத் தன் வீட்டிலும் அமல்படுத்தினார். உறவினர் வருகை வெகுவாகக் குறைந்தது.

இந்த வருஷ விடுப்பு தொடங்கிய காலையில் அண்ணன் வந்து நின்றார்.

"உனக்கும் எங்க பஸ்ல சீட்டுப் போட்டாச்சு. ஜன்னலோரம். நாளைக்குக் கிளம்பறோம்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"அதான் தெரியுதே. அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

"ஏம்மா, துடைப்பம் பிடிக்கறதுக்கு மலை ஏறணுமா? அதை இங்கேயே பிடிக்கலாமே!"

"இங்கே பிடிச்சா ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கறாங்களே. சரி, வந்ததும் வந்தீங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் துடைச்சுக் கொடுங்கண்ணே."

"நான் பேச வந்திருக்கேன்!"

"பேசிக்கிட்டே துடைங்க. வேத்து மனுஷன்னா டீயைக் கொடுத்து அனுப்பிடுவேன். நீங்க என் அண்ணனாச்சே."

இதற்குமேல் எந்த அண்ணனால் மறுக்க முடியும்? ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறினார். ஒரு கால் குட்டையான ஸ்டூல். லிஃப்டம்மா பிடித்துக்கொண்டார். தனியாக ஊர் சுற்றும் பெண்களுக்கு நேரக்கூடிய ஆபத்துகளைப் பற்றி அண்ணன் உச்சியிலிருந்து உரையாற்றினார். கடைசி இறக்கைக்கு வந்தபோதுதான் கீழே சத்தமில்லை என்று கவனித்தார். தங்கை வாசலில், தோளில் பையோடு.

"ஸ்டூலுக்கு அட்டை முட்டுக் கொடுத்திருக்கேன், ஆடாது. முடிச்சிட்டு வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்ல கொடுத்திடுங்க."

"ஏய், எங்கே போற? நான் எப்படி இறங்கறது?"

"நிதானமா, ஒவ்வொரு மாடியா இறங்குங்க."

பேருந்தில் அந்த மலைக் குடியிருப்பின் பாதி அழிந்த பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டார். நடத்துநர் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கே எதுக்கும்மா?"

"வீட்ல வேலை கிடக்குப்பா," என்றார் லிஃப்டம்மா.