முள் காட்டிய அறுபது

காலை ஆறு நாற்பதுக்குத் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையை விட்டுக் கிளம்பினோம். என் காருக்கு வயது இருபத்தாறு. என் மனைவி ஸ்டெல்லா அதில் கடைசியாக ஏறி மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறேன் என்பது அவள் புகார். ஸ்பீடோமீட்டர் முள் அறுபதைத் தாண்டியதே இல்லை என்பது என் வாதம். பெங்களூரில் இருக்கும் மகளையும் பேத்தியையும் பார்க்க ஸ்டெல்லா ரயிலிலும் நான் காரிலுமாகப் போய்வந்தோம். மகளுக்கே வெட்கமாகிவிட்டது. அவள் செய்துவைத்த ஒப்பந்தம் இது: அங்கே ஜோகுபாளையத்தில் மீட்டர் பழுது பார்க்கும் சார்லஸிடம் காட்டுவது. மீட்டர் சரியென்றால் ஸ்டெல்லா இனி வாயே திறக்கக் கூடாது. தப்பென்றால், திரும்பும்போது கே.ஆர்.புரத்தில் இறங்கி ரயிலேறிவிடுவாள். அதன் பிறகு இந்தக் காரில் ஏறவே மாட்டாள்.

ஏழரைக்குக் கோலார் தாண்டி நெடுஞ்சாலை. ஸ்டெல்லா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கிலோமீட்டர் கல்லையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு கிலோமீட்டருக்கு நாப்பத்தெட்டு செகண்டு. எழுபத்தஞ்சுல போறீங்க."

முள் அறுபதில் நின்றது. கல்லைத் தப்பாக நட்டிருப்பார்கள் என்றேன். அவள் மேலும் நான்கு கற்களை அளந்தாள், நான்கும் நாற்பத்தெட்டுதான்.

ஒசகோட்டையில் இட்லி. கே.ஆர்.புரம் தொங்கு பாலத்திலிருந்து ஜோகுபாளையம் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம். இத்தனைக்கும் தூரம் பத்து கிலோமீட்டர்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்பீடோமீட்டர் எதற்கு என்று கேட்டேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

சார்லஸின் கடை, சந்துக்குள் ஓர் அறை. எங்கள் வழக்கை இருவரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் யார் பக்கமும் சாயாமல், வேகமும் தூரமும் காட்டும் ஜி.பி.எஸ். செயலியைத் திறந்து கைப்பேசியை டாஷ்போர்டில் வைத்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தார். மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் எண்ணிக்கை கைப்பேசியோடு ஒத்துப்போனது. அப்படியென்றால் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒழுங்காகச் சுற்றுகிறது, கோளாறு முள் பக்கம்தான் என்றார். சிக்னலில் நின்று கிளம்பும்போது இன்னொன்றையும் காட்டினார். கைப்பேசி பதினைந்தைத் தொடும்வரை முள் பூஜ்யத்தைவிட்டு அசையவே இல்லை. இத்தனை நாளும் அது என் கண்ணில் பட்டதில்லை.

பதினொன்றரைக்கு மீட்டரைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தார். முள்ளின் அடியில் இரண்டு கீறல்கள்.

"சார், யாரோ ஸ்பூன் வச்சு முள்ளை நெம்பியிருக்காங்க. திரும்ப மாட்டறப்போ பதினஞ்சு கீழ தள்ளி உக்காந்துடுச்சு. ஜீரோல இருக்கற தடுப்புக் கம்பி அதுக்குக் கீழ போகவிடாது, அதான் வண்டி நிக்கறப்போ தெரியல."

அந்த யாரோ நான்தான். தங்கவயல்காரர்கள் எதையும் கடைக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுவோம். போன பொங்கலுக்கு மங்கிப்போன எண்களைத் துடைக்கலாமென்று நான் முள்ளைப் பிடுங்கினேன். வண்டி நிற்கும்போது முள் பூஜ்யத்தில் நின்றதால், சரியாகத்தான் மாட்டினேன் என்று நம்பிவிட்டேன். இதை இருவரிடமும் சொன்னேன்.

"அந்த வளைஞ்ச ஸ்பூன் இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள் ஸ்டெல்லா.

சண்டை போட்டிருந்தால் தேவலை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பயந்த பயமெல்லாம் நியாயமான பயம். நானோ ஒவ்வொரு முறையும் முள்ளைக் காட்டி அவள் வாயை அடைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சார்லஸ் மீட்டரை ஒரு சின்ன மோட்டாரில் மாட்டி, அறுபதுக்கு உரிய வேகத்தில் சுழலவிட்டு, முள்ளை மெல்ல அழுத்திப் பொருத்தினார். கூலி நானூறு ரூபாய். பிறகு மகள் வீட்டில் சாப்பாடு. நாலு மணிக்குப் புறப்பட்டோம்.

ஐந்தேகாலுக்குக் கே.ஆர்.புரம். ஸ்டெல்லா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, நான் ஸ்டேஷன் பக்கம் ஒதுங்க இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்தேன்.

"நேரா போங்க," என்றாள். "அறுபதுலயே போங்க."

ஒசகோட்டை தாண்டியதும் முள்ளை அறுபதில் நிறுத்தினேன். மாட்டுவண்டியில் போவதுபோல் இருந்தது. தக்காளி ஏற்றிய வண்டிகள்கூட ஹாரன் அடித்து முந்திப் போயின. ஸ்டெல்லா கல்லைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். அறுபது செகண்டு. அடுத்த கல்லுக்கும் அறுபது. மூன்றாவது கல் வந்தபோது அவள் எண்ணவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.