பாரிவாக்கம் சிப்பாயின் ரிகர்சல்

ஆவடி பட்டாள ஆஸ்பத்திரியில் நான் முதலில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை 'ட்ரை'. வெள்ளைக்கார டாக்டர் கால் போன ஒரு சிப்பாயின் கட்டிலருகே நின்று, புதிதாக வந்திருந்த மரக்காலைக் காட்டி, "ட்ரை, ட்ரை" என்று கையை ஆட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது. சிப்பாய் எழுந்தார், ஓர் அடி வைப்பதற்குள் சரிந்தார். தண்ணீர்ப் பானையோடு நின்றிருந்த நான் ஓடிப்போய்த் தாங்கினேன். பானை உடைந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னார்.

யுத்த காலம் அது. கல்யாணமான மறு வருஷமே காலராவில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பூந்தமல்லியில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனாலும் நான் கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். சமையலறையில்தான் பொழுது போனது. ஆவடியில் புதிதாக வந்த பட்டாள முகாமின் ஆஸ்பத்திரிக்கு வேலையாள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணனே அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டார். சின்னப் பெண்தான் நான். ஆனால் வார்டில் எல்லோருக்கும் 'ஆயா'.

சிப்பாய்க்கு ஊர் பாரிவாக்கம். தினமும் நான் வேலைக்கு வரும் பாதையில்தான் அந்த ஊர் இருந்தது. இடது காலை பர்மா பக்கம் எங்கோ இழந்துவிட்டு, பல ஆஸ்பத்திரிகள் மாறி, கடைசியில் சொந்த ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தார். அது அவர் மனைவிக்குத் தெரியாது. வடக்கே எங்கேயோ இருப்பதாகத்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மற்ற கட்டில்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள்; பழம் வரும், குழந்தைகள் வரும். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டா அண்ணே? போற வழிதானே" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாணாம் ஆயா. ரெண்டு காலால நடந்து போனவன் நானு. கட்டில்ல கெடக்கறத அவ பாக்கக் கூடாது. நடந்துதான் ஊட்டுக்குள்ள போவணும்" என்றார். ஆனால் காலையில் நான் வந்ததும் கேட்காமல் இருக்க மாட்டார். "எங்க ஊரு ஏரி ரொம்பிகிச்சா? நாத்து நட்டுட்டாங்களா?" வழியில் கண்டதையெல்லாம் அவருக்காகவே பார்த்துக்கொண்டு வந்து சொல்வேன். நான் சொல்வதைக் கேட்கவென்று ஓர் ஆள் காத்திருந்தது என் வாழ்க்கையில் அப்போதுதான்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மரக்காலின் வார் தொடையை அறுத்ததால் அதைக் கழற்றிச் செதுக்கி மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். தையற்காரன் சட்டையைப் போட்டுப் பார்ப்பது போல. அதற்குப் பெயர் 'ட்ரையல்'. காலையும் மாலையும் தாழ்வாரத்தில் நடந்து பழகுவது நர்ஸம்மாவின் 'பிராக்டிஸ்'. கடைசியில் டாக்டர் வைக்கப்போவது 'டெஸ்ட்'. இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"ட்ரைன்னா கீழ வுழலாம். பிராக்டிஸ்னா தெனம் வுழலாம். டெஸ்ட்டு அன்னிக்கு வுழக் கூடாது, அவ்ளோதான்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டெஸ்டுக்கு முந்தைய நாள், வார்டு சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், என்னைக் கூப்பிட்டார். "பட்டாளத்துல பெரிய பரேடுக்கு முன்னாடி ரிகர்சல்னு ஒண்ணு உடுவாங்க. நீ அந்தக் கதவாண்ட நில்லு ஆயா. அவ நிக்கறாப்பல. நான் வரேன்."

வாசற்படியில் போய் நின்றேன். தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து கோலில்லாமல் வந்தார். மரக்கால் தரையில் பட்டு ஒலித்தது. வேர்வை வழிய என் எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னாமே, வந்துட்டேன். ஒரு காலத்தான் அங்க உட்டுட்டேன். மீதி அத்தினியும் உனக்குன்னு கொண்டாந்துகீறேன்."

பதிலுக்கு என்ன பேச வேண்டும் என்று அவர் சொல்லித்தரவில்லை. "சாப்டியா?" என்றேன். அண்ணே என்ற சொல் எப்படியோ விட்டுப்போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவளும் இதத்தான் கேப்பா" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினேன். எனக்கென்று நடந்து வர யாருமில்லை என்பது அதற்கு முன்பும் தெரிந்ததுதான். அன்றைக்கு அதைத் தாங்க முடியவில்லை.

டெஸ்டில் விழவில்லை. பட்டாள லாரியில் ஏறி ஊருக்குப் போனார். அதற்குப் பிறகும் நான் பாதையில் ஏரியையும் வயலையும் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கேட்க ஆளில்லை.

மாதங்கள் கழித்துப் பூந்தமல்லிச் சந்தையில் அவரையும் அவர் மனைவியையும் கண்டேன். "ஆஸ்பத்திரில இருந்த ஆயா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவர் புளிக்காரரிடம் பேரம் பேச நகர்ந்துவிட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க நல்லா பேசுவாராக்கா? வந்த அன்னிக்கு வாசல்லியே மரம் மாதிரி நின்னுட்டாரு. ஒரு வார்த்தை பேசல. நான்தான் கட்டிகினு அழுதேன். இன்னிய வரைக்கும் அப்படியேதான் கீறாரு. என்னைப் புடிக்காமப் பூடுச்சோன்னு..."

அப்படியானால் அந்த வார்த்தைகளைக் கேட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான். வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கண்ணைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"உங்கிட்ட சொல்றதுக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தாரு. அங்க சொல்லிச் சொல்லிப் பாத்துகினாரு. நான் கேட்டேன்" என்று, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இன்னொரு தபா சொல்லுக்கா" என்றாள் அவள்.

இன்னொரு முறை சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டுப் புளிக்கடையை நோக்கி ஓடினாள். அத்தனை பேர் பார்க்க, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டதைக் கண்டேன். அவர் திகைத்துப்போய்க் கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடினார். நான் அதற்குள் அண்ணன் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தேன்.