கூப்பிட்டால்தான் ஓடலாம்

எங்கள் வீட்டில் யாருக்கும் நடக்கத் தெரியாது. ஓடத்தான் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பூ விவசாயம் அப்படி. நெல்லும் சோளமும் போலப் பூ நமக்காகக் காத்துக் கிடக்காது. விடியுமுன் பறித்த மொட்டு வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் போய்ச் சேராவிட்டால் வாயைப் பிளந்துவிடும். வாய் பிளந்த பூவை எவன் வாங்குவான்? சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குள் அந்தக் காலத்தில் பஸ் வராது. தோட்டத்திலிருந்து வாய்க்கால் கரை, அங்கிருந்து வரப்பு, வரப்பிலிருந்து வண்டிப்பாதை என்று ஓடிப்போய் ரோட்டில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தலையில் பூக்கூடையும், ஒரு கை கூடையின் விளிம்பிலும், மறு கை வீச்சுமாக அப்பா ஓடுவார். மறந்துவிட்டுப் போன கனகாம்பரப் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நான் ஓடுவேன். "அடியே, பாத்து ஓடுடி, வரப்பு வழுக்கும்" என்று கத்திக்கொண்டு என் பின்னால் அம்மா ஓடி வருவாள்.

பெரியப்பா வீட்டிலும் இதே ஓட்டம்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே கூடையை மாற்றி மாற்றிச் சுமந்து ஓடியவர்களாம். நான் பொட்டலத்தோடு ஓடுகிற வயதுக்கு வந்தபோது கூடை இரண்டாகியிருந்தது, அடுப்பு இரண்டாகியிருந்தது, பேச்சு மட்டும் ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

சண்டைக்குக் காரணம் கிணறு. அது இரண்டு வீட்டுக்கும் பொது. இன்றைக்கு அவர் இறைத்தால் நாளைக்கு இவர். ஒரு பங்குனியில் பெரியப்பா பழநிக்குக் காவடி எடுத்து நடந்து போயிருந்தார். அவர் திரும்ப நாளாகும் என்று நினைத்து, அவருடைய முறையில் அப்பா காளையைக் கமலையில் பூட்டித் தண்ணீர் இறைத்துவிட்டார். பாதித் தோட்டம் நனைந்திருக்கும், பெரியப்பா காலில் புழுதியோடு வந்து கிணற்றடியில் நின்றார்.

"சாமி கும்பிடப் போனவனோட தண்ணியத் திருடலாமாடா?" என்றார்.

"வாடுற செடிக்கு ஊத்துனா திருட்டா? அப்ப நான் திருடன்தான், போ" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. மற்ற வீடுகளில் சண்டை என்றால் தெருவே அதிரும், பிறகு நாலாம் நாள் சேர்ந்து காப்பி குடிப்பார்கள். எங்கள் வீட்டுச் சண்டையில் சத்தமே கிடையாது, ஆகையால் அது அடங்கவும் இல்லை. முற்றத்துக்கு நடுவே கிளுவைக் குச்சிகளை நட்டு வேலி போட்டார்கள். கிளுவைதான் எங்கே நட்டாலும் துளிர்க்குமே, அடுத்த மழைக்கு அது என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

பேசாமல் இருந்தால் பிழைப்பு நடக்குமா? கமலை வடம் நைந்துபோனால் சொல்ல வேண்டாமா? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அப்பா எங்கள் செவலைக் காளையின் முதுகைத் தட்டி, "ஏலே செவலை, வடம் அம்புட்டுத்தான், நாளைக்கு இறைக்கிறவுக பாத்து இறைக்கட்டும்" என்பார். அந்தப் பக்கம் நிற்கிற பெரியப்பா தம்முடைய மயிலைக் காளையிடம், "நமக்கும் கண்ணு இருக்குடா மயிலை" என்று பதில் சொல்வார். காளைகள் இரண்டும் இந்த வழக்கில் எதிலும் பட்டுக்கொள்ளாமல் அசைபோட்டபடி நிற்கும். காளை இல்லாத இடத்தில் நான்தான் காளை. "உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு" என்று அப்பா தொடங்குவார். பெரியப்பா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

காலை ஓட்டம்தான் பார்க்க வேண்டிய கூத்து. வரப்பு ஒன்றுதான். முன்னால் போகிறவர் வழிவிட மாட்டார், பின்னால் வருகிறவர் வழி கேட்க மாட்டார். கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! ஆகவே பின்னால் வருகிறவர் கூடையோடு வயலில் இறங்கிச் சேற்றில் சளக் சளக்கென்று ஓடி முந்துவார். பிறகு மற்றவர் இறங்குவார். இரண்டு பேரும் முழங்கால் வரை சேறோடு ரோட்டுக்கு வந்து, பஸ்ஸில் ஒருவர் முன்பக்கமும் ஒருவர் பின்பக்கமும் ஏறுவார்கள்.

பெரியவர்கள் எப்படியோ போகட்டும். எனக்குப் போனது அக்கா. பெரியப்பா மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். எனக்குச் சடை பின்னிவிட்டதும், நொண்டி ஆடக் கற்றுக் கொடுத்ததும், இருட்டில் கொல்லைக்குத் துணை வந்ததும் அவள்தான். வேலி வந்த பிறகு, அடியில் ஒரு சந்து வழியாக விரலைக் கோத்துக்கொண்டு கிசுகிசுவென்று பேசுவதோடு சரி. சத்தம் போட்டால் அந்தப் பக்கமிருந்து பெரியம்மாவோ இந்தப் பக்கமிருந்து அம்மாவோ செருமுவார்கள். அந்த இரண்டு பேருக்கும் பகையே கிடையாது, பாவம். புருசன்மார் மானத்துக்காகச் செருமினார்கள். நான் பல நாள் அந்த வேலி ஓரம் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டிரில் வாத்தியார் வந்தார். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தண்டை ஊர். எதற்கெடுத்தாலும் 'ங்க' போட்டுப் பேசுவார். மாட்டைக்கூட "அந்தப் பக்கம் போங்க" என்பாரோ என்று பிள்ளைகள் சிரிப்போம். பொங்கலுக்குச் சாக்கு ஓட்டமும் எலுமிச்சம்பழ ஓட்டமும் வைத்த ஊரில், அவர் 'குடும்ப ஓட்டம்' என்று புதிதாக ஒன்று கொண்டுவந்தார். வீட்டுக்கு நாலு பேர், இரண்டு சிறுசு, இரண்டு பெரிசு. பொட்டலின் நாலு மூலையிலும் ஒவ்வொருவர் நிற்க வேண்டும். ஒருவர் ஓடிவந்து குச்சியைக் கொடுக்க, அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். முதல் பரிசு ஒரு வெள்ளாட்டுக் குட்டி.

ஆட்டுக்குட்டி என்று கேட்டதும் அக்காவுக்குத்தான் மூளை வேலை செய்தது. சந்து வழியாகச் சொன்னாள்: "வெள்ளாடு கிளுவைய மிச்சம் வைக்காதுடி. அது மட்டும் நம்ம வீட்டுக்கு வந்துருச்சுன்னு வையி, ஒரு மாசத்துல வேலிய மொட்டை அடிச்சுப்புடும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குட்டி எங்களுக்கு வந்தே ஆக வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் நாலு பேர் ஏது? அம்மா பொட்டலில் ஓடினால் ஊர் சிரிக்காதா? பெரியப்பா வீட்டிலும் அதே கணக்குத்தான். நாங்கள் கும்பிடாத சாமி இல்லை.

சாமி டிரில் வாத்தியார் உருவத்தில் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஊரில் 'பூக்கார வீடு' என்று ஒரே பெயர். வந்து ஆறு மாதமான மனுசனுக்கு எங்கள் கதை என்ன தெரியும்? பொங்கலுக்கு மறுநாள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களெல்லாம் கூடியிருந்த பொட்டலில், தகரக் குழலை வாயில் வைத்து, "பூக்கார வீடு! அண்ணன், தம்பி, அண்ணன் மகள், தம்பி மகள்!" என்று முழங்கிவிட்டார். உள்ளூர்க்காரன் ஒருவனாவது எழுந்து, "அவுகளுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல சார்" என்று சொல்ல வேண்டுமே! எல்லாரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அப்பா என்னைப் பிடித்து நிறுத்தினார். "உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. வெளியூர்க்காரன் முன்னாடி நம்ம வீட்டுச் சோத்துப்பானையத் தொறந்து காட்ட வேணாம்னு."

பக்கத்தில் நின்ற பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "உங்கப்பாகிட்டச் சொல்லு. ஓட மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

எனக்கும் அக்காவுக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் வாத்தியார் இன்னொன்று வைத்திருந்தார். "குச்சி வாங்கறவங்க பின்னால திரும்பிப் பாக்கப்படாதுங்க. கையை மட்டும் பின்னால நீட்டிட்டு நிக்கோணும். கொண்டாரவங்க முறை சொல்லிக் கூப்பிட்டாத்தான் வாங்கி ஓடலாம். கூப்பிடாமக் குடுத்தாச் செல்லாதுங்க. குடும்ப ஓட்டம் இல்லீங்களா, முறை சொல்லிக் கூப்பிட்டாத்தான் அழகு!"

முதலில் நான். விசில் ஊதியதும் ஓடினேன். ஓட ஓடக் கூட்டம் ஏன் சிரிக்கிறது என்று தெரியவில்லை. "ஏத்தா, கூடை எங்க?" என்று யாரோ கத்திய பிறகுதான், என் இடது கை தலைக்கு மேலே இல்லாத கூடையைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இறக்கினால் கால் பின்னிக்கொண்டது. போகிறது போ என்று மறுபடி தலையில் வைத்துக்கொண்டே ஓடினேன். அக்காவின் முதுகு தெரிந்தது. "அக்கா!" என்று கூப்பிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுக் கூப்பிட்டதில் தொண்டை கிழிந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கிசுகிசுத்தே பழகியவளுக்கும் அது கேட்டுத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும், குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பறந்தாள். அவளும் தலையில் கை வைத்துக்கொண்டுதான் ஓடினாள். "அப்பா!" என்று அவள் கூப்பிட, பெரியப்பா வாங்கினார். அவர் கையும் தலைக்குப் போயிற்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் தினமும் சேற்றில் ஓடிய கால்கள் அல்லவா, காய்ந்த பொட்டலில் கேட்கவா வேண்டும்! வண்டிக்கார வீடும் தேங்காய்க்கார வீடும் வெகு தூரம் பின்னால் கிடந்தன. ஆட்டுக்குட்டி எங்களுக்குத்தான் என்று நான் குதித்தேன்.

நாலாவது மூலையில் அப்பா முதுகைக் காட்டி, கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றார். பெரியப்பா ஓடிவந்து அந்த முதுகுக்குப் பின்னால் நின்றார்.

நின்றவர், நின்றே விட்டார்.

வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். "கூப்பிடுங்க, ஏனுங்க, கூப்பிடுங்க!" என்று வாத்தியார் தவித்தார். வண்டிக்கார வீட்டார் வந்தார்கள், கூப்பிட்டார்கள், போனார்கள். தேங்காய்க்கார வீட்டாரும் போனார்கள். நான் பொட்டலின் குறுக்கே ஓடி, "கூப்பிடுங்க பெரியப்பா, கூப்பிடுங்க பெரியப்பா" என்று அழுதேன். சிரித்துக்கொண்டிருந்த ஊரில் இப்போது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. நீட்டிய கையை மட்டும் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினார். குச்சி எட்டவில்லை போல என்று நினைத்தேன்.

"தம்பி" என்றார் பெரியப்பா. காற்றுதான் வந்தது. பிறகு கொஞ்சம் உரக்க, "ஏலே தம்பி. இந்தாடா, வாங்கிக்க."

அப்பா திரும்பினார். குச்சியை வாங்காமல் பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே" என்றார். பந்தயம் என்று ஒன்று நடப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஓடுங்கப்பா! ஓடுங்கப்பா!" என்று கத்தினேன். அதற்குள் அந்தப் பக்கம் வண்டிக்கார வீட்டுப் பையன் ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிவிட்டான். எனக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஆட்டுக்குத்தான் அழுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வாத்தியார் ஓடிவந்தார். "மொதல்ல வந்தது நீங்கதானுங்க! கூப்பிட மறந்துட்டீங்களே!"

வண்டிக்கார வீட்டுத் தாத்தா ஒருவர் சொன்னார்: "மறந்து ரொம்ப நாளாச்சு சார். இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துருக்கு."

அன்று மத்தியானம் எல்லாருக்கும் பெரியப்பா வீட்டில் சாப்பாடு. பெரியம்மா பரபரவென்று மொச்சைக் குழம்பும் பூசணிக்காய் வெஞ்சனமுமாக ஆக்கிப்போட்டாள். அக்கா என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் துக்கமே இல்லை, வெட்கம் கெட்டவள். நான் மட்டும் இலையைத் தொடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த ஆட்டை அநியாயமாக விட்டுக்கொடுத்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

பெரியப்பா என் தலையில் கை வைத்தார். "என் மேல கோவமாத்தா?"

"ஒரு வார்த்தை. முன்னாடியே கூப்பிட்டிருந்தா என்னவாம்?" என்றேன்.

"கூப்பிட்டேன்த்தா" என்றார். "தினமும் வரப்புல அவன் முதுகப் பாத்துக்கிட்டு ஓடுறப்ப எல்லாம் கூப்பிட்டேன். சத்தந்தான் வெளிய வரல."

அட, இவ்வளவுதானா விசயம்! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பந்தயத்துக்கு முன்பே வைத்தியம் பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "பெரியம்மா, பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. சுக்கு தட்டிப் போட்டுத் தண்ணி குடுங்க, சத்தம் வந்துரும்" என்று சொன்னேன். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரியப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து இலையையே பார்த்துக்கொண்டு, "எனக்கும் சேத்துப் போடுங்க மதினி" என்றார்.

அப்பாவின் தொண்டைக்கு என்ன கேடு வந்தது என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.