பீரோக் கதவில் ஒட்டிய சீனத்து ஆற்றங்கரை

சீனாவோடு சண்டை ஓய்ந்திருந்த சமயம். அப்போது பார்த்து நான் தென்சீனத்து ஆற்றங்கரை மாவட்டம் ஒன்றின் சரித்திரத்தை எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிக்கொண்டிருந்தேன். "உனக்கு வேற நாடே கிடைக்கலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. கட்டுரையை விட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய வகுப்புகள் கிடையாது. யார் தலைகீழாக நின்றாலும் விடுவதாக இல்லை நான்.

அந்த ஜனங்கள் கெட்டிக்காரர்கள். வெள்ளத்துக்குப் பயந்து குளம் வெட்டி, அந்த மண்ணையே கரையாகப் போட்டு, கரைமேல் முசுக்கொட்டைச் செடி வளர்த்தார்கள். இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் எச்சம் மீனுக்கு, குளத்துச் சேறு திரும்பவும் செடிக்கு. பட்டு ஆலைகளில் சம்பாதித்த பெண்கள் சிலர், கல்யாணமே வேண்டாமென்று, கல்யாணத்தன்று பெண்ணுக்குப் போடும் கொண்டையைத் தாங்களே முடிந்துகொண்டு தனியாக வாழ்ந்தார்கள். இதைப் படித்துக் காட்டியபோது என் கணவர் சிரிக்கவில்லை. அவருக்கு விமானப்படைத் தளத்தில் குமாஸ்தா வேலை.

ஆறு, குளங்கள், கரைகள் எல்லாம் போட்டு ஒரு படம் வரைந்து, படுக்கையறை பீரோவின் இடது கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். கூடத்தில் ஒட்ட எனக்கென்ன பைத்தியமா? நாங்கள் குடியிருந்த சேலையூரில் அன்றைக்கு எல்லாருக்கும் எல்லார்மேலும் சந்தேகம்.

எனக்குச் சந்தேகம் கீழ்வீட்டு ஓனர்மேல். ரிடையரான ரயில்வேக்காரர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் புத்தகங்களோடு படியேறும்போதெல்லாம், "இன்னிக்கும் சீனாவாம்மா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை காலை, கணவர் வேலைக்குப் போன பிறகு, மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"இன்னாம்மா, நம்ம ஏரிங்களை எல்லாம் மேப்பு போட்டு வெச்சிகினு கீறீங்களாமே? பக்கத்துலயே ஏரோட்ரோம் வேற கீது."

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. யார் வேலை இது? கீழ்வீட்டுக் கிழம்தான், வேறு யார்! படியில் நின்றே கத்தினேன்: "இப்ப வயித்தெரிச்சல் தீர்ந்துதா சார்?" அவர் திருதிருவென்று விழித்தார்.

போலீஸ்காரர் கூடத்தில் நிற்கக்கூட இல்லை. நேரே படுக்கையறைக்குப் போய், பீரோவின் இடது கதவைத் திறந்தார். நான் புத்தகங்களைப் பிரித்துக் காட்டி விளக்கினேன். "அட, நம்ம ஊர் இல்லியா இது? பேஜார்மா" என்று தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

கதவைச் சாத்தப் போனபோதுதான் எனக்கு உறைத்தது: படம் இருந்த இடம் அவருக்கு எப்படித் தெரியும்? ஓனர் எங்கள் வாசற்படியைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அந்தப் பீரோவைத் திறப்பவர்கள் நானும் என் கணவரும்தான்.

சாயங்காலம் கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை.

"குளம் குளமா இருந்தா நம்ம ஏரி மாதிரிதானே இருக்கு? வேற எவனாவது போட்டுக்குடுத்தா என் வேலை போயிடும். அதான் நானே முந்திக்கிட்டுப் போலீஸ்ல சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ விட்டுடுவியா?"

படத்தைக் கிழியாமல் உரித்தேன். எழுதின தாள்களையும் அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். காலையில் கத்தியதை நினைத்தால் ஓனர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"சார், கட்டுரை முடியற வரைக்கும் இதெல்லாம் உங்க வீட்டுல இருக்கட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

"சீனாதானே? வைம்மா" என்று நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.