அம்மியில் தேய்த்த கண்ணாடி

1936 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். கடும் வெயில். சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது கவளத்தில் பல்லில் ஏதோ நறநறத்தது.

எதிரே மனைவியின் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வாசற்கதவுக்கு மேலே இருந்த அரைவட்ட யன்னலுக்கு வர்ணக் கண்ணாடி போட உரும்பிராயிலிருந்து வந்திருந்தான். குருநகரில் கிறிஸ்தவக் கோயில் யன்னல் திருத்தியவர்களோடு சில காலம் நின்று பழகிய வேலை. மொத்தம் பதின்மூன்று துண்டுகள். வெட்டிய விளிம்பு கத்தி போலிருக்கும். அதை நீர் விட்டுக் கல்லில் தேய்த்து மழுக்கினால்தான் ஈயச் சட்டத்தின் பள்ளத்தில் இறங்கும். காலையில் அவன் தேய்த்து வைத்த நீலத் துண்டை விரலால் தடவிப் பார்த்து மெச்சியிருந்தேன். எதில் தேய்த்தான் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கேட்டேன்.

"சாணைக்கல்லை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன் அத்தான். முத்தத்திலை கிடந்த அம்மியிலைதான் தேய்ச்சனான்."

இலையில் சம்பல் இருந்தது. அம்மியில் அரைத்த தேங்காய்ச் சம்பல். பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். சின்னவள் இரண்டாம் முறையும் சம்பல் வாங்கியவள். கண்ணாடித் தூள் குடலை அறுக்கும் என்று எங்கோ படித்தது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் அம்மி இரண்டு. ஒன்று சைவச் சமையலுக்கு, மற்றது மீன், இறைச்சி என்று மச்சத்துக்கு. வெள்ளிக்கிழமை மச்ச அம்மியைத் தொடுவதில்லை. ஆனால் அன்று குசினித் தரையை மெழுகுவதற்காக, அடுப்பருகே கிடக்கும் இரண்டையும் மனைவி முற்றத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

"எந்த அம்மியடா?"

"எனக்கென்ன தெரியும்? ரண்டும் கருங்கல்லு. தேய்ச்சு முடியக் கழுவித்தான் வைச்சனான்."

"தேங்காய் அரைக்கேக்கை கல்லு ஈரமாய்த்தான் கிடந்தது," என்றாள் மனைவி. அவள் குரலும் இறங்கிவிட்டது. பிறகு தம்பியைப் பார்த்தாள். "நான் மெழுகி முடிய ரண்டையும் கழுவினனான். அதாலை ஈரத்தை வைச்சுச் சொல்லேலாது. நீ தேய்க்கத் தொடங்கேக்கை கல்லு எப்பிடிக் கிடந்தது?"

"அதையேன் கேக்கிறாய் அக்கா. ஒரே மீன் வெடில். ரண்டு வாளி தண்ணி ஊத்தித் தேய்ச்சுப்போட்டுத்தான் கிட்ட இருந்தனான். நீ அம்மி கழுவுற வடிவு அப்பிடி."

மனைவி சிரித்துவிட்டாள். "மூதேவி, அது மச்ச அம்மி. நேற்றுத் திருக்கைக்கு அரைச்சது. இண்டைக்குச் சம்பல் அரைச்சது மற்றதிலை. உங்கடை பல்லிலை கடிபட்டது சோளகத்து மண்."

என் வாழ்நாளில் மீன் நாற்றத்தைப் பற்றி அவ்வளவு நல்ல செய்தி கேட்டதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, மிஞ்சியிருந்த சம்பலை நானே வழித்துச் சாப்பிட்டேன்.

மச்ச அம்மியை ஏழு தரம் கழுவினால் போதும் என்றாள் மனைவி. எழுபது தரம் கழுவினாலும் எனக்கு நித்திரை வராது என்றேன். அதை மச்சானே வண்டியில் உரும்பிராய்க்குக் கொண்டுபோனான், கண்ணாடி தேய்க்க. புது அம்மியும் குழவியும் நாலு ரூபாய் ஐம்பது சதம், வண்டிக் கூலி அறுபது, கொத்திக் கொடுத்தவனுக்கு இருபத்தைந்து: ஆக ஐந்து ரூபாய் முப்பத்தைந்து சதம்.