கவர்னர் போனார், கோட் திரும்பி வந்தது

1. பேப்பர் வந்த காலை

யோகராணியை வேலையால் நிற்பாட்டிய காலை நான் கோட் ரூமில் ஹாங்கர்கள் துடைத்துக்கொண்டு நின்றேன். கனடாவில், மொன்றியல் நகர நடுவில் பெரிய ஹோட்டல். வருகிறவர்களின் கோட்டை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. யோகராணி பன்னிரண்டாம் மாடியில் அறை துப்புரவு செய்பவள்.

அன்றைய பேப்பர் முழுக்க எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க மாநிலக் கவர்னர் ஒருவரின் கதைதான். குளிர்காலத்தில் வர்த்தகக் கூட்டத்துக்கு வந்து எங்களிடம் தங்கியவர். அவருடைய அறைப் பில்லை, அவரின் மாநிலத்தில் ரோட்டுப் போடும் கொந்தறாத்துக்காரர் ஒருவர் கட்டினாராம். அந்த ஆள் பக்கத்து அறையில் இருந்தாராம். நடுக்கதவு பூட்டாமலே கிடந்ததாம்.

மனேஜர் யோகராணியைக் கூப்பிட்டார். "ரெண்டு அறையையும் துடைச்சது நீதானே? பேப்பர்காரனுக்கு ஏன் சொன்னனீ?" அவர் கதைத்தது பிரெஞ்சு, இங்கே இருப்பது என் தமிழ்.

அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணை, நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஊரிலை இருக்கிற மனுசனை இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிக் கிடக்கு. வேலை போய் அரசாங்கத்திட்டை வெல்ஃபெயர் காசு எடுத்தனெண்டால் அவர் வாற விசயம் அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டில் விரிக்கிறவளுக்கு நடுக்கதவு தெரியும், சரி. பில் கட்டியது யார் என்று எப்படித் தெரியும்? அது மனேஜரின் கொம்பியூட்டரில் இருக்கிற சங்கதி.

2. சாம்பல் கோட்

அப்போதுதான் ஒருவர் நினைவுக்கு வந்தார். அந்தக் கூட்டத்தின்போது சாம்பல் நிறக் கோட் ஒன்றைத் தந்துவிட்டு என் மேசையில் சாய்ந்து நின்று கதை கொடுத்தவர். "கவர்னருக்குப் பக்கத்து அறையிலை ஆர்?" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டார். நான் கோட்டை மட்டும்தான் பார்ப்பேன் என்றேன். உண்மையும் அதுதான். எனக்கு முகம் நினைவில் நிற்காது, கோட் நிற்கும். அவருடையதில் மேல் பொத்தான் மட்டும் மண்ணிறம். தானே தைத்திருக்க வேண்டும், நூல் கோணல்.

பேப்பர்காரர் என்று நினைத்தேன். யூனியனிடம் சொன்னேன். "பேர் தெரியாத கோட்டை வைச்சு என்னண்ணை செய்யிறது?" என்றார் எங்கள் பிரதிநிதி. கேஸ் அப்படியே இழுபட்டது. யோகராணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போனாள்.

இதற்கிடையில் கவர்னர் விலகமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். பிறகு அவருடைய கட்சிக்காரரே போகச் சொன்னார்கள். மனைவியைப் பக்கத்தில் நிற்க வைத்து ராஜினாமாவை வாசித்தார். துணைக் கவர்னர் கவர்னரானார். துப்புரவான ஆட்சி தருவேன் என்றார். பழைய ரோட்டுக் கொந்தறாத்தை வெட்டி வேறொரு கொம்பனிக்குக் கொடுத்தார். துப்புரவு என்ற சொல்லை டிவியில் கேட்கக் கேட்க எனக்கு யோகராணிதான் நினைவில் வந்தாள்.

3. மண்ணிறப் பொத்தான்

அடுத்த குளிருக்கு அதே கூட்டம், அதே ஹோட்டல். புதுக் கவர்னர் தன் பரிவாரத்தோடு வந்தார். நான் கோட்டுகளை வாங்கிக்கொண்டு போகிறேன், கையில் சாம்பல் கோட் ஒன்று வந்தது. மேல் பொத்தான் மண்ணிறம்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் புதுக் கவர்னரின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். பேப்பர்காரராவது மண்ணாவது, இவர் புதுக் கவர்னரின் ஆள்! எங்கள் மனேஜர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பில் விசயம் யாருடைய கொம்பியூட்டரிலிருந்து போனது என்று எனக்கு விளங்கியது.

பெயர் கிடைத்துவிட்டது. அன்றே யூனியன், யோகராணியின் விசாரணைக்கு அந்த மனிதரைச் சாட்சியாகக் கூப்பிடப் போவதாக மனேஜருக்கு எழுதியது. மறுநாள் காலை யோகராணி வேலைக்கு வரலாம் என்று போன் போனது. அதே சம்பளம், அதே மாடி. மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த வேலையில் நான் படித்தது இதுதான். ஒருவர் பதவிக் கதிரையால் விழுந்தால் அவர் விட்ட பிழையை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. அடுத்ததாக அதில் இருக்கிறவரோடு யார் உள்ளே வருகிறார்கள் என்றும் பார்க்கவேண்டும்.

வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானம் யோகராணி சாப்பாட்டுப் பெட்டியோடு கீழே வந்தாள். கவர்னரின் பக்கத்து அறையில் ரோட்டுப் போடும் புதுக் கொம்பனிக்காரர் இருக்கிறாராம்.

"நடுக்கதவு?" என்று கேட்டேன்.

அவள் பெட்டியைத் திறந்து சோற்றைப் பிசைந்தாள்.

"நான் பாக்கேல்லை அண்ணை. மனுசன் தை மாசம் வாறார்."